எலுமிச்சையில் ரத்தம் வந்த பங்குனி

போன வாரம் நம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்ததே, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிறந்தநாள் விருந்துகளில் சிரிக்கச் சிரிக்கச் செய்து காட்ட எளிய மேஜிக் என்று தலைப்பு. மினுமினுப்புச் சட்டை போட்ட ஒரு பையன் தட்டுத் தண்ணீரில் மிளகுத் தூளை ஓட வைக்கிறான். கைக்குட்டைக்குள் தீக்குச்சியை உடைத்து, உதறி, முழுக்குச்சியாக எடுக்கிறான். கடைசியில் எலுமிச்சம்பழத்தை வெட்டி, ரத்தம் வடியவிட்டு, நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். அதற்குக் கீழே உங்களில் ஒருத்தி, இதையெல்லாம் அந்தக் காலத்திலேயே செய்தவள் நம் கூட்டத்தில் இருக்கிறாளே, அடுத்த மாதம் கூடும்போது அவளையே செய்யச் சொல்லுவோம் என்று எழுதியிருந்தாள். ஆளாளுக்குக் கைதட்டுகிற பொம்மை போட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை.

மிளகுத் தூள் செய்கிறேன். தீக்குச்சி செய்கிறேன். கட்டை விரலைப் பிய்த்து மறுபடி ஒட்டுவதுகூடச் செய்கிறேன், விரல் மடங்க மனசு வைத்தால். எலுமிச்சம்பழம் மட்டும் செய்ய மாட்டேன். ஏன், எதற்கு என்று அங்கே வைத்து என்னை மடக்கக் கூடாது என்பதற்காக இப்போதே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அழுகிற பொம்மை போடாதீர்கள். எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

அப்பாவிடம் ரேடியோ செட் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். குழாய் ஸ்பீக்கர், இசைத்தட்டுப் பெட்டி, கொசுவலைத் துணி சுற்றிய ஒரு மைக், பாதி எரிந்தும் பாதி எரியாமலும் கிடந்த சீரியல் பல்புகள். ஆழ்வார்குறிச்சியைச் சுற்றி எந்த ஊரில் சடங்கு, காதுகுத்து, கல்யாணம் என்றாலும் அப்பாதான். அந்தப் பெட்டி சூடாகும்போது தூசி கருகுகிற ஒரு வாசனை வரும். அந்த வாசனை வந்தால் எங்களுக்கு விசேஷ வீடு, பாயசம், புதுச்சட்டை என்று அர்த்தம்.

பந்தி போட நேரமாகும். உள்ளே சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருப்பார்கள், வெளியே பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கும். அப்போது அப்பா இசைத்தட்டை நிறுத்திவிட்டு மைக்கை எடுப்பார். "அடுத்ததாக நமது சின்னப் பாப்பாவின் வேடிக்கை நிகழ்ச்சி" என்பார். வீட்டில் 'லே, ட்டி' என்று பேசுகிறவருக்கு மைக்கைப் பிடித்துவிட்டால் மட்டும் நல்ல தமிழ் வந்துவிடும். நான் நாலாம் வகுப்பு. கடையில் பொரிகடலை மடித்துத் தந்த ஒரு சிறுவர் பத்திரிகைக் காகிதத்தில் படித்ததும், அங்கங்கே பார்த்ததுமாகச் சில வேடிக்கைகள் கைவசம் இருந்தன. உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிடுவேன். தாவணிக்காரி ஒருத்தியின் உச்சந்தலையில் தட்டிவிட்டு என் வாயிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுப்பேன். பழம் கன்னத்துக்குள் அடங்கிக் கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் சிரிப்பார்கள்.

உண்மையைச் சொன்னால் அவர்கள் சிரித்தது எனக்காக இல்லை, தம்பிக்காக. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு வராத பயல், இசைத்தட்டு ஊசி டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பான். அதற்குள்தான் என் தீக்குச்சிகள் இருக்கும். எல்லா ரகசியமும் அவனுக்குத் தெரியும். தெரிந்த காரணத்தாலேயே அவனால் பொறுக்க முடியாது. நான் விரலைப் பிய்ப்பதற்கு முன்பே சிரித்துவிடுவான். தோளைக் குலுக்கி, வாயைப் பொத்தி, கடைசியில் டப்பாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பான். கூட்டம் அவனைப் பார்த்துச் சிரிக்கும். என் வேடிக்கையில் பாதி அவன்தான். அவனை அதற்காக நான் கிள்ளியும் இருக்கிறேன்.

அந்தப் பங்குனியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கு ஒழுகியது, கண் சிவந்தது, பிறகு காதோரத்தில் தொடங்கி முகம், நெஞ்சு என்று மணலை வாரி இறைத்தது மாதிரி சிவப்புச் சிவப்பாக இறங்கியது. மணல்வாரி. அந்தக் காலத்தில் நம் வீடுகளில் அதை நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கா என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பதை நிறுத்தினார்கள். அப்பா ரேடியோ செட்டைச் சாக்குப் போட்டு மூடினார், அம்மை போட்ட வீட்டிலிருந்து விசேஷ வீட்டுக்குப் போகக் கூடாது. தம்பியை வேப்பிலை மேல் படுக்கவைத்து, தலைமாட்டில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரும் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். மருந்து என்ற சொல்லை எடுத்தாலே பாவம். மருந்து கொடுத்தால் வந்தவளை அவமதித்த மாதிரி.

இந்தச் சட்டதிட்டத்துக்கெல்லாம் எங்கள் வீட்டில் அதிகாரி அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகி அடுத்த வருஷமே தாலியறுத்து, பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவள். அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அதனால் அவள் சொல்லுக்கு அப்பா மறு சொல் சொன்னதில்லை. அவளைக் கெட்டவள் என்று நீங்கள் நினைத்துவிட்டால் என் பாடு லேசாகிவிடும். அவள் கெட்டவள் இல்லை. தம்பிக்குக் காய்ச்சல் வந்த நாள் முதல் ஒரு வேளைக் கஞ்சிதான் குடித்தாள். அவன் முனகினால் இவளுக்கு மூச்சு வாங்கும். அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

வெளிச்சம் பட்டால் தம்பிக்குக் கண் கூசியது. சன்னலுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். ஒரு மத்தியானம் அம்மா ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். நான் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அவன் சலித்துப்போய்ச் சொன்னான்:

"எக்கா, ஒண்ணு காட்டு. சிரிப்பா காட்டு."

என்னிடம் புதுசாக ஒன்று இருந்தது. அடுத்த சடங்கு வீட்டில் செய்யலாம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தது. செம்பருத்திப் பூவைக் கத்தியின் இரண்டு பக்கமும் அழுந்தத் தேய்த்துக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு கத்தியில் லேசான கறுப்பு மட்டும் தெரியும், துரு என்று நினைத்துக்கொள்வார்கள். அதை வைத்து எலுமிச்சம்பழத்தை வெட்டினால் புளிப்புப் பட்டதும் சாறு சிவப்பாக வடியும். அவ்வளவுதான் விஷயம். கத்தி தயார். பழம்தான் இல்லை. தலைமாட்டில் இருந்ததை எடுத்தேன்.

வெட்டினேன், பிழிந்தேன். சிவப்பு என் மணிக்கட்டு வரை வழிந்தது. தம்பி வழக்கம்போல வெட்டுவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கியிருந்தான். வாயெல்லாம் வெடித்துக் கிடந்ததால் சிரிக்கும்போது வலித்தது, வலித்தும் சிரித்தான். அந்த நேரத்தில் அத்தை இளநீரோடு உள்ளே வந்தாள்.

சாமிக்கு வைத்த பழத்தை வெட்டிவிட்டேனே, முதுகுத் தோல் உரியப்போகிறது என்று கையை முகத்துக்கு மறைவாகத் தூக்கினேன். இளநீர்ச் செம்பு கீழே விழுந்தது. அத்தை நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தாள். "தாயே, வந்துட்டியா" என்றாள். அவள் கண்ணீர் என் பாதத்தில் பட்டது. அடி விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் உடனே சொல்லிவிட்டேன். இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். மறைத்து வைத்து, வளரவிட்டு, பிறகு மாட்டிக்கொண்டவள் இல்லை நான். அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே, இது செம்பருத்தி அத்தை, வேடிக்கை அத்தை என்று சொன்னேன். அத்தை எழுந்து என் வாயைப் பொத்தி, அப்படிப் பேசக் கூடாது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கொல்லைக்கு ஓடி இன்னொரு பூவைப் பறித்து வந்து, அவள் கண் முன்னாலேயே தேய்த்து, இன்னொரு பழத்தை வெட்டினேன். அதுவும் சிவந்தது. அவள் தெருவைக் கூப்பிட்டுவிட்டாள்.

தெரு வந்தது. அவர்களுக்கும் செய்து காட்டினேன். பூவைக் காட்டினேன், கத்தியைக் காட்டினேன், எப்படித் தேய்ப்பது என்று காட்டினேன். ஒவ்வொரு பழம் சிவக்கும்போதும் குலவை போட்டார்கள். அழுதுகொண்டே, நீங்களே வெட்டிப் பாருங்கள் என்று கத்தியை அத்தையிடம் நீட்டினேன். அவள் வாங்கி வெட்டினாள். சாறு சிவப்பாக வடிந்தது. அப்போதாவது புரியும் என்று பார்த்தேன். அவள் கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இந்த அறுதலி கையிலும் வந்துவிட்டாளே என்று விம்மி விம்மி அழுதாள். அதற்கு மேல் நான் என்ன செய்து காட்டுவது, சொல்லுங்கள்.

அப்பா வந்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஊர் ஊராக மைக் பிடித்து இவள் வேடிக்கை காட்டுவாள் என்று சொன்னவரே அவர்தானே. சாயந்தரம் வந்தார். தனியாகக் கூப்பிட்டுப் போய் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தலையைத் தடவிக் கொடுத்தார்.

"நீ பூவத் தேய்ச்ச, சரி. நான் இல்லேங்கல. அங்கன அத்தன பொருள் கெடக்க, பூவத்தான் தேய்க்கணும்னு ஒனக்குத் தோணிச்சே. அதத் தோண வச்சது யாருட்டி?"

இவ்வளவு வயசாகியும், எத்தனையோ பேரிடம் வாதாடி ஜெயித்தும், அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. காகிதத்தில் படித்தேன் என்றேன். அந்தக் காகிதத்தை உன் கையில் கொண்டுவந்து சேர்த்தவள் யார் என்றார்.

மணல்வாரி இறங்கியது. வேப்பிலைத் தண்ணீர் முறைப்படி ஊற்றினார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அதோடு முடிந்துவிடும், தெருவில் விளையாட வந்துவிடுவார்கள். தம்பிக்குத் தடிப்பு மறைந்தும் காய்ச்சல் விடவில்லை. கண் திறக்க மாட்டேன் என்றான். இமை ஒட்டிக்கொண்டு சீழ் வடிந்தது. அத்தை நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டாள், அவன் துடித்தான். ஒரு காலையில் அம்மா வெந்நீரில் துணியை நனைத்து இமையைப் பைய விலக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வலது கண்ணின் கறுப்பு முழியில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக ஒன்று இருந்தது. பூ விழுந்திருக்கிறது என்று அம்மா சொன்னாள். சத்தமில்லாமல் சொன்னாள்.

அம்மா அன்றைக்கே அப்பாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணுக்கென்றே தனியாக டாக்டர் இருக்கிறாராம் என்றாள். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை பதறிப்போனாள். ஆத்தா வீட்டுக்குள்ளேயே, பெத்த பிள்ளை கையிலேயே வந்து உட்கார்ந்திருக்கும்போது ஊசி போட எங்கே கொண்டுபோவது, அவள் முகத்தில் காறித் துப்பின மாதிரி ஆகாதா என்றாள். கேட்டுவிடலாம் என்று முடிவானது. யாரிடம் கேட்பது? என்னிடம்தான்.

வெள்ளிக்கிழமை என்னைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, மணையில் உட்கார வைத்தார்கள். பழம் சிவந்தால் ஆத்தா இங்கேயே இருக்கிறாள், மருந்து கூடாது. இதுதான் கணக்கு. எனக்கு ஒரே சந்தோஷம். கணக்கு என் கையில் இருக்கிறதே. காலையிலேயே கிணற்றடிக்குப் போய்க் கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். சோப்புப் போட்டும் கழுவினேன். மணையில் உட்கார்ந்து தைரியமாக வெட்டினேன். வெள்ளைச் சாறு சொட்டியது. சாதாரண எலுமிச்சம்பழம், ஊறுகாய்க்கு நறுக்குகிறோமே அது மாதிரி.

கிளம்புங்கள் என்பார்கள் என்று பார்த்தேன். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்கிட்டா. ஆஸ்பத்திரிப் பேச்ச எடுத்தோம்லா, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா." எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சை எடுத்தவள் அவள்தானே.

அதற்குத் தண்டனையாக அம்மா மஞ்சள் சேலை கட்டி மடிப்பிச்சை எடுத்தாள். நம் தெரு, கோயில் தெரு, கடைத்தெரு என்று வீடு வீடாகப் போய் முந்தானையை விரித்து அரிசி வாங்கி, ஆத்தாவுக்குப் பொங்கி வைத்தாள். வெயிலில் கால் பொரிந்து வந்தாள். நான் கத்தியைக் கழுவினது அவள் காலில் கொப்புளமாக வந்தது. அடுத்த முறை பயந்து போய்ப் பூவைத் தேய்த்தே வெட்டினேன். சிவந்தது. திரும்பி வந்துவிட்டாள், இனி மருந்து கூடாது என்றார்கள். சிவந்தாலும் மருந்து இல்லை, சிவக்காவிட்டாலும் மருந்து இல்லை. அதற்குள் இடது கண்ணிலும் சீழ் கட்டிவிட்டது.

நம் சயின்ஸ் சாரிடம் ஓடினேன். பின் தெருவில்தானே குடியிருந்தார். சொன்னதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புளிப்புப் பட்டால் அந்தப் பூவின் சாயம் சிவக்கும் என்று எனக்கே விளக்கினார். அப்பாடா, ஒரு ஆள் கிடைத்தார் என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன், வந்து எங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் பிள்ளே. ஆனா இது அம்மன் காரியம். நான் வந்து ஒண்ணச் சொல்லி, நாளைக்கு ஒந் தம்பிக்கு ஏதும் ஆச்சுன்னா, வாத்தியான் சொன்னதாலதான்னு வரும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்லா."

அவருக்குக் கல்வெட்டு வைத்துப் பாராட்டு விழா நடத்த வேண்டும் என்று இரண்டு வருஷம் முன்னால் குழுவில் பேச்சு வந்தபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சிலருக்கு வருத்தம். இதனால்தான்.

சாருடைய வீட்டிலிருந்து வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். அறையில் வேப்பிலை அழுகின வாடையும் சீழ் வாடையும் கலந்து அடித்தது. அவன் இமையை லேசாகத் திறந்து வைத்திருந்தான். இரண்டு நாளாக அப்படித் திறக்க முடிந்தது அவனால், அதனாலேயே தேறிவிட்டான் என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஆசையாக இருந்தது. அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டி, கட்டை விரலைப் பிய்த்தேன். இழுத்தேன். அந்தரத்தில் ஆட்டினேன். மறுபடி ஒட்டவைத்தேன். முன்கூட்டியே சிரிக்கிற பயல், முகத்தை அப்படியே வைத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்:

"எக்கா, ஆரம்பிச்சிட்டியா?"

இப்பத்தான் ஆரம்பிக்கப் போறேன் என்றேன். வெளியே வந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, முட்டியைக் கடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. புருஷன் செத்தபோதுகூட இல்லை. நிஜம் என் கையில் இருந்தது. கூவிக் கூவி விற்றும் ஒருத்தரும் வாங்கவில்லை. சரி, பொய்யை எடுப்போம் என்று அங்கே வைத்துத்தான் தோன்றியது. அதைத் தோண வைத்தது யார் என்று அப்பாவைப்போலக் கேட்காதீர்கள். பயம்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே பெண்கள் பழத்தோடு வந்து கூடத்தை நிறைத்திருந்தார்கள். அப்பா தூணோரம் நின்றார். கோயில் கொடை விழாக்களில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை சாமியாட்டம் பார்த்திருப்பேன். முதலில் கால் பெருவிரலில் தொடங்க வேண்டும், பிறகு முட்டி, பிறகு இடுப்பு. எடுத்த எடுப்பில் ஆடினால் யாரும் நம்ப மாட்டார்கள். கூட்டத்தைக் காக்க வைக்க வேண்டும். விசேஷ வீடுகளில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியைத் தட்டில் போட்டேன். பழத்தை வெட்டாமல் அப்படியே கடித்துத் துப்பினேன். பின்னலை அவிழ்த்தேன். குலவை எழுந்தது.

அப்பாவை நோக்கி விரலை நீட்டினேன். தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏலே, எம்பிள்ள கண்ண அவிய விட்டுட்டு நிக்கியே. கொண்டு போலே. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. வெள்ளச் சேலைக்காரி கையில குடு. நான் அங்கன போயிட்டேன். இங்கன எனக்கு எடமில்ல."

எனக்கு உடம்பு நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. பிடிபட்டுவிடுவேன் என்று நினைத்தேன். அப்போது அம்மா ஓடி வந்து பின்னால் இருந்து என்னைக் கட்டிப் பிடித்தாள், சாமி வந்தவர்களைப் பிடிப்பார்களே, அப்படி. அவள்தான் முதலில் சொன்னாள். "உத்தரவு ஆயிட்டு. கெளம்புங்க. தாமதிச்சா குத்தமாயிரும்." சொல்லும்போது அவள் கை என் வயிற்றை ஒரு தரம் அழுத்தியது. தெரிந்து அழுத்தினாளா, தாங்கிப் பிடிக்கும்போது தானாக அழுத்தியதா, எனக்குத் தெரியாது. கேட்க எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எவ்வளவு சுலபமாக நடந்தது. தம்பி கத்தினபோது நகராதவர்கள், அம்மா ஆஸ்பத்திரி என்றபோது நகராதவர்கள், இப்போது ஓடினார்கள். கோயில் வாசலில் நின்ற வாடகைப் பிளசர் கார் தெருவுக்குள் வந்தது. அத்தையே தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் கிடத்தினாள். சீக்கிரம், சீக்கிரம் என்று டிரைவரை விரட்டினாள். தெருவே தள்ளிவிடுகிற மாதிரி நின்றது. என்னையும் அதே கோலத்தில், விரித்த தலையோடு, கையில் வேப்பிலையோடு ஏற்றினார்கள், ஆத்தா துணைக்கு வர வேண்டும் அல்லவா. வழிநெடுக ஜன்னல் பக்கம் ஆறு கூடவே வந்தது. தம்பி தலை என் மடியில் கிடந்தது. கார் ஓடுகிறதா எக்கா என்று கேட்டான். ஓடுகிறது என்றேன்.

இவ்வளவு சுலபமாக இருந்ததை, பத்து நாள் முன்னாலேயே செய்திருக்கலாமே என்று உங்களில் யாருக்காவது தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. தோன்றும்போதெல்லாம் அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். நாலாம் வகுப்புப் பிள்ளை உண்மையைச் சொன்னது. அது போதவில்லை என்றால் அதற்கு அந்தப் பிள்ளை பொறுப்பில்லை.

வலது கண் போனது போனதுதான். இடது கண்ணைக் கால்வாசி மீட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கால்வாசியை வைத்துக்கொண்டு தம்பி படித்தான், வேலைக்குப் போனான், பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்தான், இன்றைக்கும் போனை இடது கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்துத்தான் பேத்தி படத்தைப் பார்க்கிறான். அத்தை சாகிற வரை, ஆத்தா அரைக் கண்ணாவது தந்தாளே என்று செவ்வாய், வெள்ளி விளக்கேற்றினாள். அவன் மறுக்க மாட்டான். என்னையும் ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. நான்தான் அவன் முன்னால் எலுமிச்சம்பழத்தைச் சாதத்துக்குப் பிழியும்போதுகூடத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தது ஒரு டாக்டரம்மா. வெள்ளைச் சேலை இல்லை, நீலச் சேலைமேல் வெள்ளைக் கோட்டு. தம்பியை மேஜையில் படுக்கவைத்து, இமையைப் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்தார். அடுத்த கண்ணையும் பார்த்தார். டார்ச்சை அணைத்தார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். அம்மா சொன்னாள். ஆரம்பத்திலேயே கொண்டு வந்திருந்தால் இரண்டு கண்ணையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. களைத்துப் போனவர் மாதிரிக் கேட்டார்:

"ஏன் இவ்வளவு நாள் கொண்டு வரலை?"

அப்பா துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கையைக் கூப்பினார். அவர் முகத்தில் பயமே இல்லை. சரியாக நடந்துகொண்டவன் முகம்.

"உத்தரவு இன்னைக்குத்தான் கெடச்சுது டாக்டரம்மா."

யார் உத்தரவு என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்பா என்னைக் காட்டினார்.